"எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க"

அன்புள்ள பெற்றோருக்கு,

சர்க்கரை நோயுள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போகிறோம். அவர் ஃபைலைப் புரட்டியபடியே கேட்கிறார்: "குடும்பத்துல வேற யாருக்காவது சின்ன வயசிலேயே சுகர் வந்திருக்கா? காது கேக்காதவங்க, கண் தெரியாதவங்க யாராவது உண்டா?" அவர் கேட்டு முடிப்பதற்குள் நாம் பதில் சொல்லிவிடுகிறோம்: "எங்க வம்சத்துல அப்படி யாருமே இல்லீங்க டாக்டர்." சொல்லிவிட்டுக் கணவர் மனைவியைப் பார்க்கிறார், மனைவி தரையைப் பார்க்கிறார். இருவருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு சித்தப்பா, பார்வை மங்கிக் கல்யாணமாகாமலே ஊரோடு தங்கிவிட்ட ஓர் அத்தை, அந்த ஒரு நிமிடத்தில் குடும்பத்திலிருந்தே காணாமல் போகிறார்கள்.

இதற்காகத்தான் உங்களோடு சண்டை போட வந்திருக்கிறேன். நான் வெளியாள் இல்லை. என் மகளுக்கு ஏழு வயதில் இன்சுலின் தொடங்கியது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது. இரண்டு காதிலும் கருவி வைத்திருக்கிறாள். அவளுக்கு இருப்பது உல்ஃப்ராம் சிண்ட்ரோம் என்ற பரம்பரை நோய். இரக்கம் வேண்டி இதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உங்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து, நாம் என்ன பேசுகிறோம், எதைப் பேசாமல் விழுங்குகிறோம் என்பது எனக்கு அத்துப்படி. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

முதலில் வீண் பயத்தைப் போக்கிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோயில் பெரும்பாலானது முதல் வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழிப்பதால் வருவது. உங்கள் பிள்ளைக்கும் அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மிகச் சில பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழையால் சர்க்கரை வருகிறது. அந்தப் பிழை கணையத்தோடு நிற்பதில்லை. கண், காது, சிறுநீர்ப்பை, மூளைத்தண்டு என்று ஒவ்வொன்றாகத் தொடுகிறது. ஆரம்பத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதே தாகம், அதே மெலிவு, அதே இன்சுலின் ஊசி. வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பது சில வருடம் கழித்து. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நாம்.

ஏன் நாம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்க்கரைக்கு ஒரு டாக்டர். கண்ணுக்கு வேறு ஆஸ்பத்திரி. காதுக்குக் காது-மூக்கு-தொண்டை டாக்டர். சிறுநீர்ப் பிரச்சினைக்கு இன்னொருவர். அவரவர் அவரவர் துண்டைப் பார்க்கிறார்கள். இந்த நான்கு அறைக்கும் போய் வருகிற ஒரே ஆள் அம்மாவோ அப்பாவோதான். அந்த ஒரே ஆளும் வாயை மூடிக்கொண்டால் துண்டுகள் துண்டுகளாகவே கிடக்கும்.

இந்த நோய் முதன்முதலில் வெளிச்சத்துக்கு வந்ததும் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்ததால்தான். 1938-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டான் உல்ஃப்ராம் என்பவரும் ஹென்றி வாகனர் என்ற கண் மருத்துவரும், ஒரே வீட்டில் பிறந்த நான்கு பிள்ளைகளுக்கு சர்க்கரையும் பார்வை நரம்புச் சிதைவும் சேர்ந்தே இருப்பதைக் கவனித்து எழுதினார்கள். ஒரு பிள்ளையை மட்டும் பார்த்திருந்தால் தற்செயல் என்று விட்டிருக்கலாம். நாலு பேரைச் சேர்த்துப் பார்த்தபோது தற்செயல் என்று சொல்ல வழியில்லை. அந்த வீட்டுப் பெற்றோர் மூன்று பேரை மறைத்து ஒருவரை மட்டும் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

பிறகு 1995-ல் பிரிட்டனில் 45 நோயாளிகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது நோயின் வரிசை தெளிவானது. சர்க்கரை சுமார் 6 வயதில். பார்வை நரம்புச் சிதைவு சுமார் 11 வயதில். பத்து வயதுக்கும் இருபதுக்கும் இடையில் நீர்ச் சமநிலைக் கோளாறும் காது மந்தமும். இருபதுகளில் சிறுநீர்ப் பாதைச் சிக்கல். அதற்கும் பின்னால் நடை தள்ளாடுவது போன்ற நரம்புப் பிரச்சினைகள். பிரிட்டனில் 7,70,000 பேரில் ஒருவருக்கு என்று அன்று கணக்கிட்டார்கள். 1998-ல் இதற்குக் காரணமான மரபணுவும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் டபிள்யூஎஃப்எஸ்1. செல்லுக்குள் புரதங்கள் மடிந்து உருப்பெறும் இடத்தில் அழுத்தம் ஏறாமல் காக்கிற ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. அந்தக் காவல் இல்லாவிட்டால், ஓயாமல் புரதம் தயாரிக்கிற இன்சுலின் செல்கள் முதலில் சாகின்றன. நரம்பு செல்கள் பின்தொடர்கின்றன.

எல்லாருக்கும் எல்லாம் இதே வரிசையில் வருவதில்லை. ஆனாலும் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு நாம் வீட்டில் நடந்துகொள்கிற விதத்தைப் பாருங்கள்.

பத்து வயதுப் பிள்ளை கரும்பலகை தெரியவில்லை என்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? "எந்நேரமும் போனை நோண்டினா கண்ணு தெரியுமா?" போனைப் பிடுங்கி வைக்கிறோம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக் கண்ணாடி வாங்குகிறோம். ஆறு மாதத்தில் அதுவும் பத்தவில்லை என்றால் கண்ணாடியை மாற்றுகிறோம். இல்லாவிட்டால், "சுகர் கன்ட்ரோல்ல இல்ல, அதான் கண்ணுல இறங்கிடுச்சு. அன்னைக்கு லட்டு தின்னியே" என்று குற்றத்தை அந்தக் குழந்தையின் தலையிலேயே போடுகிறோம்.

கேளுங்கள். சர்க்கரையால் விழித்திரை கெடுவது, பருவமடையாத பிள்ளைகளுக்குச் சர்க்கரை வந்த முதல் சில வருடங்களில் பார்வையைப் பறிக்கும் அளவுக்குப் போவது மிக மிக அபூர்வம். பத்துப் பதினோரு வயதில் பார்வை குறைந்துகொண்டே போகிறது, கண்ணாடி போட்டும் தெளியவில்லை என்றால் லட்டின் மேல் பழி போடாதீர்கள். கண் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "பார்வை நரம்பு எப்படி இருக்கு? வெளிறியிருக்கா?" கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவையை விரித்துப் பின்புறம் பார்த்தால் தெரிகிற விஷயம் அது. கண்ணாடிக் கடையில் தெரியாது. நிறமும் சேர்ந்தே மங்கும். சிவப்பையும் பச்சையையும் பிள்ளை மாற்றிச் சொன்னால் விளையாடுகிறது என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். இதில் நாம் செய்கிற கொடுமை இன்னும் அதிகம். பிள்ளை சொம்பு சொம்பாகக் குடிக்கிறது, மணிக்கொரு தரம் ஒண்ணுக்குப் போகிறது, பன்னிரண்டு வயதிலும் படுக்கையை நனைக்கிறது. "சுகர் ஏறியிருக்கும்" என்கிறோம். குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் 130 காட்டுகிறது. மூன்று மாதச் சராசரியும் பரவாயில்லை. அப்படியென்றால் இவ்வளவு சிறுநீர் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வி நமக்குத் தோன்றுவதில்லை. மீட்டர் பொய் சொல்கிறது என்கிறோம், ஸ்ட்ரிப் பழசு என்கிறோம், பிள்ளை திருட்டுத்தனமாக எதையோ தின்கிறது என்கிறோம். மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது. சிறுநீரகம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்படி மூளை அனுப்புகிற வாசோபிரெசின் என்ற சுரப்பு குறைந்துபோனால், ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தாலும் நீர் கொட்டிக்கொண்டே இருக்கும். டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று இதைச் சொல்வார்கள். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்சுலினைக் கூட்டினால் இது அடங்காது. டெஸ்மோபிரெசின் என்ற மருந்து இருக்கிறது, மாத்திரையாகவும் மூக்கில் அடிக்கிற ஸ்பிரேயாகவும் கிடைக்கிறது. டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் பிள்ளை இரவில் தூங்கும்.

இதை அறியாமல் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர்ச் சொம்பை ஒளித்துவைக்கிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். படுக்கை நனைந்தால் காலையில் பாயை முற்றத்தில் எல்லோரும் பார்க்கக் காயப்போடுகிற அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நீர் வற்றினால் உயிருக்கே ஆபத்து. பாயைக் காயப்போடுவதற்கு முன்னால் சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய், "வகுப்பு நடக்கும்போதும் தண்ணி குடிக்க விடுங்க, ஒண்ணுக்குப் போக விடுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதைக் கேட்பதில் ஒரு அவமானமும் இல்லை. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் தேங்கி, சிறுநீரகம் வீங்கிப்போவதும் இந்த நோயில் உண்டு. வெளியே ஒரு அறிகுறியும் இல்லாமல் உள்ளுக்குள் நடக்கும். வயிற்றில் ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

பிறகு காது. "கூப்பிட்டா திரும்பறதே இல்ல. திமிரு." எத்தனை வீட்டில் இந்த வசனம்! உல்ஃப்ராமில் பெரும்பாலும் உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் பதில் சொல்லும். மின்விசிறி ஓடுகிற வகுப்பில், முதுகைக் காட்டிக்கொண்டு ஆசிரியர் பாடம் எடுத்தால் பாதி விழாது. அதனால்தான் "நல்லாத்தானே கேக்குது, நடிக்கிறான்" என்று நமக்குத் தோன்றுகிறது. ஆடியோகிராம் எடுக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை ஒதுக்காமல் வருஷக்கணக்கில் அதட்டுகிறோம். பார்வையும் குறைந்த பிள்ளைக்குக் காதுதான் பாதி உலகம். உதட்டசைவைப் பார்த்தும் ஈடுகட்ட முடியாது. கருவி தேவைப்படுகிறது என்று தெரிந்த பிறகும், "போட்டா ஊருக்கே தெரியும், பொண்ணுக்கு வரன் வராது" என்று பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்களை என்ன சொல்வது? வருகிறவன் காது கேட்காத பெண்ணைக் கேட்கும் என்று நம்பிக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் உங்கள் திட்டமா?

வரன் என்றதும் மூல விஷயத்துக்கு வந்துவிட்டோம். நம் பொய்யின் வேர் அங்கேதான் இருக்கிறது.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டர் கேட்டால் நமக்குச் சுருக்கென்கிறது. "தூரத்துச் சொந்தம்தான்" என்கிறோம். தாய்மாமனைக் கட்டியவளும் அதையே சொல்கிறாள், அத்தை மகனைக் கட்டியவளும் அதையே சொல்கிறாள். டாக்டர் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை, கணக்குப் போடுகிறார். உல்ஃப்ராம் வருவதற்கு அப்பாவிடமிருந்து டபிள்யூஎஃப்எஸ்1 மரபணுவின் ஒரு பழுதான பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பழுதான பிரதி, இரண்டும் பிள்ளையிடம் சேர வேண்டும். பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பித்தன என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்றுதான். ஒரே தாத்தா பாட்டியின் வழியில் வந்த இருவர் கல்யாணம் செய்தால், ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சொந்தத்தில் நடந்த திருமணங்கள் 28 சதவீதம். நாட்டின் சராசரி 11. ஆகவே இது உங்கள் வீட்டு ரகசியம் இல்லை. ஊரறிந்த விஷயத்தை டாக்டரிடம் மட்டும் மறைக்கிறீர்கள்.

"நாங்க சொந்தமே இல்லீங்க, வெறும் ஒரே சாதிதான்" என்று நிம்மதிப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைமுறை தலைமுறையாக ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்தால், உறவுமுறை சொல்லத் தெரியாவிட்டாலும் முன்னோர் ஒருவராகவே இருக்கலாம். ஐதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வகத்து அறிஞர்களும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவில் பல சமூகங்களுக்குள் முன்னோர் வட்டத்தின் இந்தக் குறுகல் மிக வலுவாக இருப்பதைக் காட்டியது. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இந்த நோய் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கட்டிக்கொண்டவர்களைத் திட்ட நான் வரவில்லை. பெரியவர்கள் முடித்துவைத்த கல்யாணம், பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள், இனி அதில் பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியது, பிள்ளைக்கு வந்தபின் வீட்டில் நடக்கிற விசாரணையைப் பற்றி. "எங்க பக்கம் எல்லாரும் கல்லு மாதிரி. இது அவ வீட்டுச் சீக்கு" என்கிற மாமியார். அதைக் கேட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற கணவர். ஐயா, நாலில் ஒரு வாய்ப்பு என்றால் உங்கள் பங்கும் சரிபாதி. உங்கள் பக்கத்துப் பிரதியும் பழுதாக இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு நோயே வந்திருக்காது. பேப்பரை மடித்துவைத்துவிட்டு அதை உங்கள் அம்மாவிடம் ஒருமுறை சொல்லுங்கள்.

தாய் வழியில் மட்டும் இறங்குகிற ஒரு வகையும் உண்டு. அதை இங்கே சொன்னால் அந்த மாமியார்களுக்குத் தீனி போட்டதாகுமோ என்று தயங்கினேன். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் உல்ஃப்ராமைவிட இது பரவலானது. செல்லுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியாவுக்கு 16,569 எழுத்துள்ள தனி டிஎன்ஏ இருக்கிறது. அது தாயிடமிருந்தே வரும். அதில் 3243-ஆம் எழுத்து மாறியிருந்தால் சர்க்கரையும் காது மந்தமும் சேர்ந்து வரலாம். 1992-ல் நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் இதை உறுதிசெய்தார்கள். பெரும்பாலும் முப்பதுகளில் சர்க்கரை தெரியவரும். காது அதற்கு முன்பே மந்தமாகியிருக்கலாம். விழித்திரையிலும் நிறத்திட்டுகள் தோன்றும். ஒல்லியான உடம்பு, முப்பத்தைந்தில் சுகர், காதில் கருவி, அவளுடைய அம்மாவுக்கும் அப்படியே, தாய்மாமனுக்கும் அப்படியே. "எல்லாருக்கும் வர்ற சுகர்தானே" என்று நாம் விடுகிறது இதைத்தான். தாய் வழியில் வந்தது என்பதால் தாய் செய்த குற்றம் ஆகிவிடாது. அவளுக்கும் அவள் அம்மாவிடமிருந்து வந்ததுதான், யாரும் கேட்டு வாங்கவில்லை.

தாய்மார்களே, உங்களுக்குத்தான் இது. பிள்ளையைக் காட்ட வருகிற நீங்கள் உங்கள் சுகரைச் சொல்வதில்லை. உங்கள் காதைச் சொல்வதில்லை. "எனக்கு என்ன, நான் பாத்துக்கறேன், புள்ளையப் பாருங்க" என்கிறீர்கள். இந்த வகை நோயில் உங்கள் உடம்புதான் பிள்ளையின் நோய்க்குச் சாட்சி. வீட்டுக்கு வீடு கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையை இந்த வகையில் பொதுவாகத் தவிர்ப்பார்கள், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் அபாயம் இருப்பதால். நீங்கள் வாய் திறந்தால் உங்கள் மாத்திரையும் மாறலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். வயது ஏற ஏற ரத்தத்தில் இந்த டிஎன்ஏ மாற்றம் குறைந்து, பரிசோதனையில் தப்பிவிடவும் கூடும். சிறுநீரில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

"மருந்து இல்லாத நோய்க்குப் பேரு வச்சு என்ன ஆகப்போகுது?" வராந்தாவில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். மருந்தே இல்லை என்று யார் சொன்னது? இதே நோய்க் குடும்பத்தில் இன்னொன்று இருக்கிறது. பிள்ளைக்குச் சர்க்கரை, காது மந்தம், கூடவே ரத்தசோகை. 1969-ல் ராஜர்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு சிறுமியிடம் இதைக் கண்டு எழுதினார்கள். தயமின், அதாவது பி1 வைட்டமினைச் செல்லுக்குள் கொண்டுபோகிற வழி பழுதாவதால் வருவது. அந்த வைட்டமினையே அதிக அளவில் தினமும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிறது, பலருக்கு இன்சுலின் தேவை குறைகிறது, சிலருக்கு நின்றும்கூடப் போயிருக்கிறது. போன செவித்திறன் மட்டும் பொதுவாகத் திரும்புவதில்லை. விலை மலிவான ஒரு வைட்டமின் மாத்திரை! ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வெளுத்துப்போன பிள்ளைக்குப் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் வருஷக்கணக்காக ஊட்டுகிறோம். ரத்தசோகைக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒரு டாக்டர். காதை யாரிடமும் சொல்வதில்லை. மூன்றையும் ஒரே மூச்சில் ஒரே டாக்டரிடம் சொல்லியிருந்தால் அவருக்குப் பொறி தட்டியிருக்கும்.

ஆல்ஸ்ட்ராம் என்றும் ஒன்று உண்டு. கைக்குழந்தையிலேயே வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசும், கண்மணி ஆடும். பிள்ளை மளமளவென்று குண்டாகும். பிறகு காது மந்தமாகும், பதின்வயதில் சர்க்கரை வரும், இதயத் தசையும் பலவீனமாகலாம். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு "கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு பட்டுடும்" என்று மை வைக்கிறோம். மையை வைத்துக்கொள்ளுங்கள், கண் டாக்டரிடமும் இதய டாக்டரிடமும் காட்டிவிட்டு வையுங்கள்.

சரி, உல்ஃப்ராமுக்கு வருவோம். அதை மாற்றியமைக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலும் பிரிட்டனின் பர்மிங்காமிலும் மருந்துச் சோதனைகள் நடந்திருக்கின்றன. நம்பிக்கை வைக்கலாம், கடன் வாங்கக் கூடாது. ஸ்டெம் செல் செலுத்திப் பார்வையை மீட்டுத் தருகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவனிடம் நகையை விற்றுக்கொண்டு ஓடாதீர்கள். பொடியும் சூரணமும் கொடுத்து "இன்சுலினை நிறுத்திடலாம்" என்கிறவன் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின்தான் உயிர்.

பெயர் தெரிந்ததால் என் வீட்டில் என்ன மாறியது என்று கேட்டால் சொல்கிறேன். வயிற்று ஸ்கேன் வருடா வருடம் எடுக்கிறோம், சிறுநீரகம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. தாகத்துக்கு மருந்து கிடைத்தது. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கிறோம். எந்தச் சிறு அறுவைக்கும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்கிறோம். மோப்பம் குறைவதும் இந்த நோயில் உண்டு என்பதால், கேஸ் கசிந்தால் அவளுக்குத் தெரியாது என்று சமையற்கட்டில் எச்சரிக்கையாக இருக்கிறோம். பார்வை போகப்போகிறது என்று முன்பே தெரிந்ததால், பார்வை இருக்கும்போதே திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளைப் பழகிக்கொண்டாள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் குறைவு, செவித்திறன் குறைவு, இரண்டும் சேர்ந்த குறைபாடு மூன்றையும் அங்கீகரிக்கிறது. அந்த அடையாள அட்டையை வாங்கியதால் பரீட்சையில் கூடுதல் நேரமும், சொல்வதைக் கேட்டு எழுத ஓர் ஆளும் கிடைத்தது. அட்டை வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்கள் என்று தயங்குகிற பெற்றோரே, அட்டை இல்லாமல் ஃபெயில் ஆகிற பிள்ளைக்கு "மக்கு" என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது.

அடுத்த பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். குடும்பத்தில் எந்தப் பிழை என்று தெரிந்திருந்தால், கருவிலேயே பரிசோதிக்க வழியிருக்கிறது. தெரியாவிட்டால் வழியில்லை. ஒற்றை மரபணுவால் வரும் சர்க்கரை நோய்களுக்கான மரபணுப் பரிசோதனையும் ஆராய்ச்சியும் சென்னையிலேயே, மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் பல வருடங்களாக நடக்கின்றன. அமெரிக்கா போக வேண்டியதில்லை. உமிழ்நீரோ ஒரு டியூப் ரத்தமோ போதும். போதாமல் இருப்பது நம் வாய்ச்சொல்தான்.

கடைசியாக, நாம் பொய் சொல்கிற இன்னொரு ஆள் இருக்கிறது: பிள்ளை. "ஒண்ணுமில்லடா, கண்ணு சரியாயிடும்" என்கிறோம். பதினாலு வயதுப் பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. ஃபைலில் டாக்டர் எழுதிய பெயரை எழுத்துக்கூட்டித் தேடுவதற்கு அதற்கு அரை நிமிடம் போதும். தேடினால் முதலில் கண்ணில் படுவது, நோயாளிகள் சராசரியாக 30 வயதில் இறக்கிறார்கள் என்ற வரி. நடு ராத்திரியில், தனியாக, போர்வைக்குள் அதைப் படிக்க விட்டுவிட்டு நீங்கள் பக்கத்து அறையில் தூங்குகிறீர்கள். அந்த எண் முப்பது வருடத்துக்கு முன்னால் பிரிட்டனில் தொகுத்த ஒரு சிறு கூட்டத்தின் எண், பிழையின் தன்மையைப் பொறுத்து நோயின் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது, லேசாகவே இருந்து நீண்ட நாள் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள், சிறுநீரகத்தையும் மூச்சையும் கவனித்தால் கணக்கே மாறும். இதையெல்லாம் அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து யார் சொல்வது? போனா? எத்தனை வயதில் எவ்வளவு சொல்வது என்று டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் அதைச் சொல்வது உங்கள் வாயாக இருக்கட்டும். மறைத்தால், பிள்ளை உங்களையும் நம்பாமல் போகும்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் மூன்று தலைமுறையை வரையுங்கள். யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு எந்த வயதில் சுகர், யாருக்குக் காது, யாருக்குக் கண், யார் சின்ன வயதில் போய்ச் சேர்ந்தார்கள். தெரியாததைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். "எதுக்கு இப்ப பழசைக் கிளர்ற?" என்பார்கள். கிளறுங்கள். அடுத்த பக்கங்களில் பிள்ளைக்கு வருடத்துக்கு ஒருமுறை பார்வை நரம்பு, ஆடியோகிராம், சிறுநீர், வயிற்று ஸ்கேன் என்று தேதி போட்டு எழுதுங்கள். சர்க்கரைக்குப் போனாலும் காதுக்குப் போனாலும் அதே நோட்டைக் கொண்டுபோங்கள். சர்க்கரையோடு கண்ணோ காதோ சேர்கிற அன்றைக்கே, "இது ஒரே நோயா இருக்குமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். அவசரத்தில் இருக்கிற டாக்டர் இல்லை என்று தலையாட்டினால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்லாவிட்டால் இன்னொருவரிடம் போங்கள்.

குடும்ப மானம் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். பிள்ளையின் கண்ணும் காதும் சிறுநீரகமும் போவதைப் பார்த்துக்கொண்டு, மிச்சம் வைத்திருக்கிற அந்த மானத்தை யாருக்குச் சீதனமாகக் கொடுக்கப்போகிறீர்கள்?

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி